வீட்டுப் பிராணிகளின் தீனிக்கு ஏற்ற கலம்

தொழுவத்தில் ஒரு கறவைப் பசு, கொல்லையில் பத்துப் பன்னிரண்டு கோழிகள், காவலுக்கு ஒரு நாய் என்று மூன்று வகைப் பிராணிகளையும் வைத்து வளர்க்கும் குடும்பங்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பல உண்டு. இக்குடும்பங்களில் மனிதர் உண்ணும் அரிசி, பருப்பு, மிளகாய் முதலியவற்றைச் சேமித்து வைப்பதில் வீட்டுப் பெண்கள் காட்டும் கவனம் பாராட்டத்தக்கது. எந்தப் பண்டத்தைப் பானையில் வைப்பது, எதை டப்பாவில் வைப்பது, எதை எந்த மாதத்தில் வெயிலில் காய வைப்பது என்பதெல்லாம் அவர்களுக்குப் பாடம். ஆனால் பிராணிகளின் தீனி மட்டும் வாங்கி வந்த சாக்கிலேயே, திண்ணை மூலையிலோ தொழுவத்துச் சுவரோரமாகவோ, வாய் திறந்தபடி கிடப்பது வழக்கமாக இருக்கிறது. மாடு தின்பதற்கும் கோழி கொத்துவதற்கும் இவ்வளவு போதும் என்னும் எண்ணமே இதற்குக் காரணம்.

இவ்வெண்ணம் எவ்வளவு அபாயமானது என்பதற்கு 1974ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தான், குஜராத் ஆகிய மாநிலங்களில் நேர்ந்த துன்பம் ஓர் உதாரணமாகும். அவ்வருஷம் அறுவடைக் காலத்தில் பருவம் தவறி மழை பெய்தது. நனைந்த மக்காச்சோளக் கதிர்கள் சரிவரக் காயாமலே வீடுகளில் அடைத்து வைக்கப்பட்டன. பன்ஸ்வாரா, பஞ்சமகால் மாவட்டங்களில் அச்சோளத்தை உண்ட ஏழை மக்களுக்கு மஞ்சட்காமாலையும் வயிற்றில் நீர் கோத்தலும் உண்டாகி, நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வீடுகளில் அதே உணவைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய் கண்டது. சோளத்தில் பிடித்திருந்த ஒருவகைப் பூசணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நஞ்சே காரணமென்று ஆராய்ச்சியாளர் பின்னர்க் கண்டறிந்தனர்.

இந்நஞ்சு உலகுக்குத் தெரிய வந்ததும் தீனியின் வாயிலாகவேதான். 1960ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் சில மாதங்களுக்குள் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் இறந்தன. முதலில் காரணம் விளங்கவில்லை. தீனியில் சேர்த்த நிலக்கடலைப் பிண்ணாக்கில் பூசண நஞ்சு இருந்ததென்று பின்னரே தெரிந்தது. வாத்துக் குஞ்சுகள் இதற்கு மிக எளிதில் இரையாகின்றன. வளர்ந்த கோழியும் மாடும் ஓரளவு தாங்குமாயினும், முட்டை குறைவதும், தீனி எடுக்காமல் மெலிவதும், ஈரல் கெடுவதும் அவற்றிலும் நிகழும். நாயும் எளிதில் பாதிக்கப்படும் பிராணியே. பசு உட்கொண்ட நஞ்சில் ஒரு சிறு பங்கு உருமாறி, ஒரு நாளுக்குள் பாலில் வந்துவிடுகிறது. அப்பாலைக் காய்ச்சுவதால் அது அழிவதில்லை. வீட்டுக் குழந்தை குடிக்கும் பால் அது என்பதை நினைத்தால், தொழுவத்து மூலையில் கிடக்கும் பிண்ணாக்குச் சாக்கு அற்ப விஷயமாகத் தோன்றாது.

நல்ல கலம் கெட்ட தீனியை நல்லதாக்கிவிடாது என்பதை முதலில் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம். பூசணத்தைத் துடைத்து எறிந்தாலும், வெயிலில் உலர்த்தினாலும், வேக வைத்தாலும் நஞ்சு தங்கிவிடும். கலத்தின் வேலை, உலர்ந்து வந்த தீனியை உலர்ந்தபடியே காப்பதுதான். தானியத்தில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்குக்கு மேலும், பிண்ணாக்கில் பத்துப் பங்குக்கு மேலும் ஈரம் ஏறினால் பூசணத்துக்கு இடம் உண்டாகிறது. ஈரமான சோளத்தை இறுக மூடிய டின்னில் அடைப்பது, சாக்கில் திறந்து வைப்பதைவிடக் கேடானது. உள்ளிருக்கும் ஈரம் வெளியேற வழியின்றி வேர்த்து, மூடியின் அடியில் துளிகளாய்த் திரண்டு, மேலடுக்கை நனைத்துவிடும்.

தானியத்தின் ஈரத்தை வீட்டிலேயே சோதிக்க எளிய முறை ஒன்று உண்டு. நன்றாக உலர்ந்த கண்ணாடிப் புட்டி ஒன்றில் மூன்றில் ஒரு பங்கு தானியமும், வறுத்து ஆற வைத்த தூள் உப்பு இரண்டொரு கரண்டியும் இட்டு மூடி, பத்து நிமிஷம் குலுக்கிப் பிறகு சற்று நேரம் அசையாமல் வைத்தல் வேண்டும். உப்பு புட்டியின் உட்புறத்தில் ஒட்டிக்கொண்டால் தானியத்தில் ஈரம் நூற்றுக்குப் பதினைந்துக்கு மேல் இருக்கிறதென்று கொள்ளலாம். அத்தகைய தானியம் இன்னும் களத்தில் காய வேண்டியதே.

இனிக் கலத்தின் அளவு. பெரும்பாலோர் தவறுவது இவ்விடத்தில்தான். பெரிய பீப்பாய் ஒன்றை வாங்கி, ஆறு மாதத்துக்கு ஆகும் தீனியைக் கொட்டி வைத்துவிட்டால் அடிக்கடி கடைக்குப் போக வேண்டாமே என்று எண்ணுகிறார்கள். தீனியைத் தாக்கும் வண்டுகளின் வாழ்க்கையை அறிந்தவர் அப்படி எண்ணமாட்டார். மாவிலும் உடைத்த தீனியிலும் பெருகும் செந்நிற மாவு வண்டும், முழுத் தானியத்தைக் குடையும் அரிசி வண்டும், இந்நாட்டு வெப்பத்தில் முட்டையிலிருந்து வண்டாக ஏறக்குறைய ஒரு மாதம் எடுத்துக்கொள்கின்றன. கலத்தைப் பதினைந்து நாட்களுக்கு ஒரு முறை அடிவரை காலி செய்து சுத்தமாக்கினால், தீனியோடு வந்த முட்டைகள் வண்டாகி மறுபடி முட்டையிட அவகாசம் கிட்டாது. ஆறு மாதம் திறந்து மூடும் பீப்பாயிலோ அவை ஐந்தாறு தலைமுறை பெருகிவிடும். ஆகையால் கலத்தின் அளவைத் தீர்மானிக்க வேண்டியது கடையில் கிடைக்கும் பாத்திரத்தின் அழகோ விலையோ அன்று. பதினைந்து நாட்களில் வீட்டுப் பிராணி எவ்வளவு தின்னும் என்னும் கணக்கே.

அக்கணக்கு கடினமானதன்று. முட்டையிடும் பருவத்துக் கோழி நாளொன்றுக்கு ஏறக்குறைய 110 கிராம் தீனி எடுக்கும். மேய்ந்து திரியும் நாட்டுக் கோழிக்கு இதில் பாதியும் வேண்டியிராது. அடைத்து வளர்க்கும் பத்துக் கோழிகளுக்குப் பதினைந்து நாட்களில் 16 அல்லது 17 கிலோ தீனி ஆகும். இதற்குச் சுமார் 30 லிட்டர் கொள்ளளவு வேண்டும். 15 கிலோ சமையல் எண்ணெய் வரும் தகர டின்கள் இரண்டு ஏறக்குறைய இவ்வளவு கொள்ளும். அரிசித் தவிடு கனமில்லாத பொருளாதலால் அதே டின் ஒன்றில் 5 கிலோவுக்கு மேல் கொள்ளாது. மக்காச்சோளமானால் 12 கிலோ அளவுக்குக் கொள்ளும். பத்து லிட்டர் பால் கறக்கும் பசுவுக்கு நாளுக்கு ஐந்தாறு கிலோ கலப்புத் தீவனம் ஆவதால் 50 கிலோ மூட்டை பத்து நாளில் தீர்ந்துவிடும். அதற்குப் பலகையும் மூடியும் இருந்தால் போதும். பெரிய செலவு வேண்டாம். கெடுவதற்கு அவகாசம் உள்ளது கொஞ்சமாகத் தின்னும் பிராணியின் தீனியே. நல்ல கலம் முதலில் நாய்க்கும் கோழிக்கும் வேண்டும், பிறகே பசுவுக்கு. வழக்கத்தில் இது தலைகீழாக இருக்கிறது.

கலங்களின் வகையைப் பார்ப்போமானால், முன்னோர் வைத்திருந்த குதிரும் மண்பானையும் இன்றும் பல வீடுகளில் உண்டு. நன்றாய்ச் சுட்ட பானை வெயிலின் சூட்டை உள்ளே விடாது. உலர்ந்த மாதங்களில் முழுத் தானியம் வைக்க அதனினும் மலிவான கலம் கிடையாது. ஆனால் மண்ணுக்கு மூச்சு உண்டு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காற்றிலுள்ள ஈரத்தைப் பானை உள்ளே இழுத்துக் கொடுக்கும். தவிட்டுக்கும் பிண்ணாக்குக்கும் அம்மாதங்களில் பானை ஆகாது. குதிரின் அடியை எலி சுரண்டித் துளைத்துவிடும். மூட்டுகளில் வண்டு தங்கும். புது தில்லி பூசா வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தார் மண் சுவர்களுக்கிடையே பிளாஸ்டிக் தாள் வைத்துக் கட்டும் ஒருவகைக் குதிரை உருவாக்கினார்கள். ஈரத்தைத் தடுக்கும் வழியாக அது நல்லது. ஆனால் அது மாதக்கணக்கில் மூடி வைக்கும் விதைக்கும் தானியத்துக்கும் உரியதேயன்றி, நாள்தோறும் கை விட்டு எடுக்கும் தீனிக்கு உரியதன்று. காற்றுப் புகாத கலம் நிறையத் தானியம் அடைத்து மூடியே இருந்தால், உள்ளிருக்கும் பூச்சிகள் பிராணவாயு தீர்ந்து மடியும். அடிக்கடி திறக்கும் கலத்தில் அந்தப் பயன் கிட்டுவதில்லை.

மரப்பெட்டி பார்வைக்குத் திடமாயிருப்பினும் அதன் இடுக்குகளிலுள்ள மாவைத் துடைத்தெடுக்க ஒருவராலும் இயலாது. சணல் சாக்கு தீனியைக் கொண்டுவருவதற்கே உரியது. மெல்லிய பிளாஸ்டிக் பையை எலி மட்டுமன்றிச் சில வண்டுகளும் துளைத்துவிடுகின்றன.

நாகத்தகட்டால் செய்த, வட்ட மூடியுள்ள உலோகக் கலம் எலிக்கு இடங்கொடாதாகையால் முதலிடம் பெறத் தக்கது. அது உலர்ந்த தீனிக்கு மாத்திரமே ஆகும். ஊறிய பிண்ணாக்கும், கஞ்சி கலந்த தீனியும், புளித்த பண்டமும் நாகப் பூச்சைக் கரைக்கும். எவர்சில்வர்ப் பாத்திரத்துக்கு அக்குறை இல்லை, விலைதான் அதிகம். எண்ணெய் டின்களைக் கொள்பவர், மேல் தகட்டைத் தாறுமாறாய் வெட்டித் திறந்து அதன்மேல் ஒரு பலகையை வைத்துவிடுவது தவறு. தகரக் கொல்லரிடம் கொடுத்து விளிம்பை மடித்து, பொருந்தும் மூடி ஒன்று செய்துகொண்டால் பல வருஷம் உழைக்கும். எண்ணெய்ப் பிசுக்கைச் சோப்பு நீரால் போக்கி நன்றாக உலர்த்திய பின்னரே தீனி இடுதல் வேண்டும். அவ்வெண்ணெய் நாட்பட்டுச் சிக்கு நாற்றம் எடுத்தால் புதுத் தீனிக்கும் அது ஏறும்.

கெட்டியான பிளாஸ்டிக் வாளியும் பீப்பாயும் இலேசானவை, துருப் பிடியா, சந்தையில் எளிதில் கிடைப்பவை. உணவுப் பொருளுக்கென்றே செய்தவையாயின் அவற்றை உபயோகிக்கத் தடையில்லை. ஆயினும் எலி விளிம்பைக் கடித்து வழி செய்துகொள்ளக்கூடும் என்பதையும், கீறல்களில் கொழுப்புத் தங்கும் என்பதையும் மறக்கலாகாது.

பழைய பீப்பாய்களைப் பற்றி இங்கே அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பூச்சி மருந்தோ சாயமோ இரசாயனத் திரவமோ வந்த நீலப் பீப்பாய்களைக் குறைந்த விலைக்கு வாங்கிக் கழுவித் தீனிக்கு வைக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. பிளாஸ்டிக் தன்னுள் ஊறிய மருந்தைக் கழுவுவதால் விட்டுவிடுவதில்லை. எத்தனை முறை கழுவினாலும் அப்பீப்பாய் தீனிக்கு ஆகாது. தீனிக் கலத்தைப் பூச்சி மருந்துடன் ஒரே அறையில் வைப்பதும் கூடாது. 1958ஆம் ஆண்டில் கேரளத்தில் கோதுமை மாவு கப்பலில் பாரத்தியான் என்னும் பூச்சி மருந்துடன் ஒரே இடத்தில் வந்ததால், மருந்து கசிந்து மாவில் ஏறி, அதை உண்டவருள் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர். இந்தியாவில் பூச்சி மருந்துகளைக் கட்டுப்படுத்த 1968ஆம் ஆண்டில் சட்டம் பிறந்ததற்கு அந்நிகழ்ச்சி ஒரு தூண்டுகோலாயிருந்தது. வண்டு வந்ததென்று தீனியில் மருந்துத் தூள் தூவுவதும், கிடங்குகளுக்குரிய அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையை வீட்டுக் கலத்தில் போடுவதும் உயிரைப் பணயம் வைப்பதேயாம். அம்மாத்திரை வெளிவிடும் வாயு உறங்கும் மனிதரையும் கொல்லும்.

கலத்தை வாங்குமுன் மூடியைச் சோதித்துப் பார்த்தல் நலம். இரவில் விளக்கை அணைத்து, எரியும் டார்ச் விளக்கு ஒன்றைக் கலத்தினுள் வைத்து மூடிவிட்டு, இருட்டில் சுற்றிலும் பார்த்தால், எங்கே வெளிச்சம் கசிகிறதோ அங்கே வண்டுக்கு வழி இருக்கிறது என்று அறியலாம். எலிக்கு அரை அங்குலத் துளை போதும். சுண்டெலிக்கு அதனினும் குறைவு. எலி தின்பது கொஞ்சம், கெடுப்பதே அதிகம். அதன் மூத்திரம் பட்ட தீனியால் எலிக்காய்ச்சல் கிருமி நாய்க்கும் மாட்டுக்கும் தொற்றி, அவற்றின் மூத்திரத்தின் வழியாக வீட்டாருக்கும் வரக்கூடும்.

கலத்தின் வாய் கை நுழையும் அளவு இருந்தால் போதாது. அடிமூலை வரை துணி கொண்டு துடைக்கும்படி அகன்றிருத்தல் அவசியம். குறுகிய வாயுள்ள குடம் எவ்வளவு அழகாயிருப்பினும் தீனிக்கு உதவாதது இதனாலேயே.

வைக்கும் இடம் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, தரையிலிருந்து நாலங்குலம் உயர்த்திய பலகையாக இருக்கட்டும். சிமிட்டித் தரையின் குளிர்ச்சி உலோகக் கலத்தின் அடியை வேர்க்கச் செய்யும். பகலில் வெயில் பட்டு இரவில் குளிரும் இடமும் அவ்வாறே. தகரக் கூரையின் கீழ்ப் பரணில் வைத்தால் கோடையில் தீனியிலுள்ள கொழுப்புச் சிக்கிப்போகும், உயிர்ச்சத்துகள் குறைந்துபோகும்.

இவ்வளவும் செய்து ஒரு பழக்கத்தை விடாவிட்டால் பயனில்லை. கலத்தில் நாலு விரல் தீனி மிஞ்சியிருக்கும்போதே புது மூட்டையைப் பிரித்து அதன்மேல் கொட்டுவது அநேகமாக எல்லா வீடுகளிலும் காணும் வழக்கம். அடியில் தங்கிய அப்பழைய தீனியே வண்டுக்கும் பூசணத்துக்கும் விதை. மேலிருந்தே எடுத்துப் போடுவதால் அது மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும். பெரிய கலம் ஒன்றைவிடச் சிறிய கலங்கள் இரண்டு மேலானவை. ஒன்று தீர்ந்ததும் மற்றதைத் திறந்து, காலியானதைக் கழுவி இரண்டு நாள் வெயிலில் கவிழ்த்து வைக்கலாம். கழுவிய கலத்தில் ஈரம் சிறிதும் இருத்தலாகாது. கழுவாத கலத்தைவிட ஈரக் கலம் கெட்டது.

நாய்க்குக் கடையில் பையாக வாங்கும் உலர் தீனியைப் பற்றிச் சில கூறுதல் வேண்டும். இப்பொழுது சிற்றூர்க் கடைகளிலும் இது விற்கிறது. இத்தீனியின் மேற்பரப்பில் கொழுப்புப் பூசியிருக்கிறார்கள்; நாய் விரும்பித் தின்பது அதன் வாசனையால்தான். பை திறந்த நாள் முதல் அக்கொழுப்புக் காற்றுப்பட்டுச் சிக்கத் தொடங்கும். இத்தீனியைப் பையிலிருந்து பிளாஸ்டிக் பீப்பாயில் கொட்டுவதைவிட, பையோடு அப்படியே ஒரு மூடியுள்ள டின்னில் இறக்கி, ஒவ்வொரு முறையும் பையின் வாயை மடித்துக் கிளிப்பிட்டு மூடுவது சிறந்தது. பையின் உட்தாள் கொழுப்பையும் ஈரத்தையும் தடுக்கும்படி செய்யப்பட்டது. கலத்திலும் பிசுக்கு ஒட்டாது. மேலும் பையின்மேல் அச்சிட்ட தொகுப்பு எண்ணும் தேதியும் கைவசமிருக்கும். 2020ஆம் ஆண்டின் முடிவிலும் 2021ஆம் ஆண்டின் தொடக்கத்திலும் அமெரிக்காவில் மக்காச்சோளம் சேர்ந்த நாய்த்தீனியில் மேற்கூறிய பூசண நஞ்சு இருந்து நூற்றுக்கு மேற்பட்ட நாய்கள் இறந்தபோது, எந்தெந்தத் தொகுப்பைக் கொடுக்கலாகாது என்று அறிவித்தது அவ்வெண்களைக் கொண்டுதான். பையை எறிந்துவிட்டுப் பீப்பாயில் கொட்டியிருந்தவர்களுக்கு அவ்வறிவிப்பால் பயன் என்ன? பதினைந்து கிலோ எடையுள்ள நாய்க்கு நாளுக்குக் கால் கிலோவுக்குச் சற்று மேல் போதுமாகையால், பத்துக் கிலோ பை ஒரு மாதத்துக்கு மேல் வரும். விலைச் சலுகையைக் கருதி அதனினும் பெரிய பை வாங்குவது ஒரே நாய் உள்ள வீட்டுக்கு இலாபமாகாது. இத்தீனியை வெயிலில் காய வைப்பதும் கூடாது.

பிண்ணாக்கை வில்லையாகவே வாங்கி, அவ்வப்போது வேண்டிய அளவு உடைத்துக்கொள்வது உத்தமம். தூளாக்கியது ஈரத்தை விரைவில் வாங்கும். வில்லையை இரண்டாகப் பிளந்து, உட்புறத்தில் மஞ்சள் கலந்த பச்சை நிறம் தெரிகிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். அந்நிறம் கண்டதைப் பசுவுக்குக் கொடாமல், கோழி கொத்த முடியாதபடி ஆழமாய்ப் புதைத்துவிடுக. நிறம் தெரியாததால் நஞ்சு இல்லையென்று உறுதி கூறவும் இயலாது. நாட்பட்ட சரக்கை வாங்காமலிருப்பதே அதற்குப் பாதுகாப்பு. அரிசித் தவிடோ ஆலையிலிருந்து வந்த சில நாட்களிலேயே சிக்கு நாற்றம் எடுக்கத் தொடங்கும். அரைக்கும்போதே அதிலுள்ள எண்ணெயைச் சிதைக்கும் பொருள் விழித்துக்கொள்வதால், எந்தக் கலமும் அதை நெடுநாள் காக்காது. எண்ணெய் எடுத்த தவிடு சற்று நாள் தாங்கும்.

முழுச் சோளம், கம்பு முதலியவற்றைக் கோழிக்கென்று சில மாதங்களுக்குச் சேமிப்பவர், கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் உருவாக்கிய துளைகளுள்ள குழாய்ப் பொறியைத் தானியத்தினுள் செருகி வைக்கலாம். காற்றை நாடித் துளைகளில் நுழையும் வண்டுகள் அடியிலுள்ள கூம்பில் விழுந்து வெளியேற முடியாமல் கிடக்கும். வாரம் ஒரு முறை எடுத்துப் பார்த்து, வண்டு விழத் தொடங்கியதும் தானியத்தைக் களத்தில் கொட்டிக் காய வைத்துச் சலித்துக்கொள்ளலாம். மாவிலும் தூள் தீனியிலும் இப்பொறி பயன்படாது. வேப்பிலையைச் சருகாக்கித் தானியத்தில் கலப்பது ஓரளவு உதவுமாயினும், பொருந்தாத மூடிக்கு அது ஈடாகாது.

வடகிழக்குப் பருவமழை தொடங்குமுன், புரட்டாசி வெயிலிலேயே எல்லாத் தீனிக் கலங்களையும் காலி செய்து, விளிம்பு, மூட்டு, மூடியின் உட்புறம் ஆகியவற்றைத் தேய்த்துக் கழுவி, அவை காயும் வரை தீனியைச் சிறிதளவே வாங்கிக்கொள்ளுதல் நல்லது. மழை மாதங்களில் பதினைந்து நாள் என்பதைப் பத்து நாளாகக் குறைத்துக்கொள்ள வேண்டும். தீனியை அள்ளும் அகப்பையைக் கலத்துக்குள்ளேயே விட்டு வைக்காமல் வெளியே ஆணியில் மாட்டிவைத்தல் வேண்டும். நாயின் தட்டிலிருந்தோ கோழித் தொட்டியிலிருந்தோ ஈரக் கையோடு திரும்பி வந்து கலத்தைத் திறப்பவர்கள் பெரும்பாலும் சிறு பிள்ளைகள். அவர்களுக்காக மூடியின் அருகில் ஓர் உலர்ந்த துணியும் தொங்கட்டும்.